அப்பாவின் நினைவு மலரில் ஜாஸ் கிட்டாரை எப்படி எழுதுவது?

தங்கச்சிமடம் மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா இறந்து அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. முதலாமாண்டு நினைவுப் பூசை அன்றைக்குக் கொடுக்க எட்டுப் பக்கத்தில் ஒரு நினைவு மலர் அச்சடிப்பதாக வீட்டில் பேசி, எழுதுகிற பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். பட்டாளத்து வாழ்க்கையை எழுதி முடித்துவிட்டேன். தையல் மெஷின் விற்ற காலத்தையும் ஓரளவு எழுதியாயிற்று. கிட்டாரிடம் வந்ததும் நின்றுவிட்டேன்.

"கோயிலில் கிட்டார் வாசித்தார்னு ஒரு வரி போடு, போதும். ஜாஸ் அது இதுன்னு எழுதினா நம்ம ஊரில் யாருக்கு விளங்கும்?" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் (சர்ச்சில்) வாசித்தது ஒரு மணி நேரம். மற்ற ஆறு நாளும் ராத்திரிச் சாப்பாடு முடிந்து, முற்றத்தில் நார்க்கட்டிலில் உட்கார்ந்து அவர் வாசித்தது ஜாஸ் என்கிற அமெரிக்க இசை. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாருடைய கதையோ ஆகிவிடும்.

கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 1944இல் ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் பிறந்தவர். கடல் தொழில் செய்யும் குடும்பம். அவருடைய அத்தையைத் தனுஷ்கோடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தையின் வீட்டுக்காரருக்குக் கொழும்புத் துறைமுகத்தில் வேலை. அந்தக் காலத்தில் தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து ரயிலில் கொழும்பு. அப்படி ஒரு தடவை வந்தபோது அந்த மாமா கொண்டுவந்த பழைய கிட்டார்தான் அப்பா முதன்முதலில் தொட்டது. கிட்டார் அத்தை வீட்டிலேயேதான் இருந்தது. பள்ளிக்கூடம் லீவு விட்டால் அப்பா தனுஷ்கோடிக்கு ஓடிவிடுவாராம்.

சீனப் போர் முடிந்து பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டே இருந்த சமயம். 1963இல் அப்பா சேர்ந்தார். சிக்னல்ஸ் என்கிற தகவல் தொடர்புப் பிரிவு, ஜபல்பூரில் பயிற்சி. அங்கே இருக்கும்போதுதான் 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல். தனுஷ்கோடி அழிந்ததும், பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனதும் இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அப்பாவுக்கு அது ரேடியோச் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது. தந்திக் கம்பி எல்லாம் அறுந்து கிடந்தது. எங்கெங்கோ இருக்கும் ஸ்டேஷனை எல்லாம் பிடிக்கத் தெரிந்த ஆளுக்குச் சொந்த ஊரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. லீவு கிடைத்து வந்தபோது பாம்பன் ரயில் பாலம் உடைந்து கிடந்தது. மண்டபம் ஊரிலிருந்து வள்ளத்தில் இக்கரை வந்திருக்கிறார். தங்கச்சிமடத்து வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். அத்தை வீட்டில் யாரும் இல்லை, வீடும் இல்லை. அத்தையைப் பற்றி அவர் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கிட்டாரைப் பற்றி அவராக ஒருநாளும் பேசியதில்லை, பாட்டிதான் சொன்னது.

பிறகு பல ஊர். கடைசியாகக் கல்கத்தா. 1971 போரின்போது கிழக்குப் பிராந்தியத் தலைமையகமான வில்லியம் கோட்டையில் இருந்தார். ஜாஸ் அவருக்குக் கிடைத்ததும் கல்கத்தாவில்தான். பார்க் ஸ்ட்ரீட்டில் டிரிங்காஸ், மொகாம்போ, புளூ ஃபாக்ஸ் என்று வரிசையாக ஹோட்டல்கள், எல்லாவற்றிலும் இசைக்குழு. சிப்பாய்ச் சம்பளத்தில் உள்ளே போய் உட்கார முடியாது. வாசலில் நின்று கேட்டிருக்கிறார். ரிப்பன் தெருப் பக்கம் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொடுத்தாராம். எஃப் வடிவத் துளை போட்ட கிட்டார் ஒன்றை அங்கேயே வாங்கி ஊருக்குக் கொண்டுவந்தார். இப்போது என் அலமாரிக்கு மேலே இருக்கிறது.

அவருடைய நோட்டு ஒன்றும் இருக்கிறது. கணக்குப் போடும் கட்டம் போட்ட நோட்டு. பக்கத்துக்கு ஆறு கார்டு (பல தந்தியைச் சேர்த்து ஒலிக்கிற விரல் பிடி) வரைந்து, விரல் வைக்கும் இடத்தில் புள்ளி வைத்து, ஓரத்தில் தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறார். "சுண்டு விரலைத் தூக்காதே." "அடித் தந்தியைத் தொடாதே." "இதிலிருந்து அடுத்ததுக்குப் போக ஒரு கட்டம் கீழே இறங்கினால் போதும்." பென்சில் எழுத்து, சில இடத்தில் மங்கிப்போய்விட்டது.

15 வருஷம் முடித்து 1978இல் பென்ஷனோடு வந்தார். வந்தவர் கடலுக்குப் போகவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு ஏஜென்சியில் சேர்ந்து தையல் மெஷின் விற்றார். தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் அவருடைய லைன். முதலில் சைக்கிள், அப்புறம் டிவிஎஸ் 50. 1988இல் ரோட்டுப் பாலம் திறக்கிற வரைக்கும் தீவுக்குள் ஒரு சாமான் வர வேண்டுமானால் ரயில், இல்லாவிட்டால் படகு. மெஷின் தலையைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் பாசஞ்சரில் வந்து இறங்குவது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கீழே வைக்க மாட்டார். ரயில் ஆட்டத்தில் ஊசித்தண்டு வளைந்துவிடும் என்பார்.

உப்புக்காற்றோடு அவருக்குத் தீராத சண்டை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிட்டார் தந்தி ஒரே வாரத்தில் சிவந்துவிடும். புதுத் தந்திக்கு மதுரைக்குப் போக வேண்டும், விலையும் அதிகம். அதனால் பழைய தந்திகளைக் கழற்றி ஒரு அலுமினியச் சட்டியில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைப்பார். இடுக்கில் ஏறிய அழுக்கும் எண்ணெய்ப்பசையும் வெளியே வந்து தண்ணீர் கலங்கிவிடும். துடைத்து, வெயிலில் காயவைத்து, திரும்ப மாட்டினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். அந்தச் சட்டியை அம்மா வேறு எதற்கும் எடுக்க மாட்டார்கள். தந்தி முறுக்கும் சாவிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய்தான் விடுவார், ஒவ்வொன்றுக்கும் ஒரே சொட்டு.

இனி என் கேள்விகள். ஜாஸ் என்றால் என்ன என்று தெரியாத, ஆனால் அப்பாவை நன்றாகத் தெரிந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் வாசித்ததை எப்படி எழுதிக் காட்டுவது?

ஒரே ஒரு கேசட் கிடைத்திருக்கிறது. மேலே "கீழ. 85" என்று அவர் கையெழுத்து. கீழக்கரை என்று நினைக்கிறேன். போனில் பிடித்த இரண்டு நிமிஷத்தை இங்கே ஏற்றியிருக்கிறேன். மாதா பாட்டு ஒன்றில் ஆரம்பித்து எங்கோ போகிறார். பின்னால் "சிட் சிட் சிட்" என்று ஒரு சத்தம் கேட்கிறது, என்னவென்று தெரியவில்லை. கேசட்டைக் கெடுக்காமல் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எப்படி என்றும் சொல்லுங்கள்.

அவரிடம் மெஷின் வாங்கியவர்கள் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

---

ஓய்வுபெற்ற சிக்னல்காரன், பரமக்குடி எழுதியது:

தங்கச்சி, நானும் சிக்னல்ஸ்தான். உங்கள் அப்பாவுக்கு ரொம்பப் பின்னால் சேர்ந்தவன், அவரைத் தெரியாது. ஆனாலும் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பட்டாளத்துப் பகுதியைச் சரியாக எழுதுங்கள். அவருடைய டிஸ்சார்ஜ் புக்கைத் தேடிப் பாருங்கள். எந்தெந்த யூனிட், எந்தெந்த வருஷம், என்ன டிரேடு என்று எல்லாம் அதில் இருக்கும். அது இல்லையென்றால் பென்ஷன் ஆர்டரில் சேவை எண் இருக்கும். அந்த எண்ணோடு, அம்மா பெயரில் மனு எழுதி, ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலமாக ஜபல்பூர் சிக்னல்ஸ் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்புங்கள். பூசைக்குள் பதில் வருமா என்பது சந்தேகம்தான், ஆனால் வீட்டில் இருக்க வேண்டிய காகிதம் அது.

பதக்கங்களையும் எடுத்துப் பாருங்கள். 1965க்கு ரக்ஷா பதக்கம், 1971க்கு சங்க்ராம் பதக்கம், சுதந்திர வெள்ளி விழாவுக்காக 1972இல் கொடுத்தது ஒன்று, இவையெல்லாம் இருக்கலாம். கிழக்குப் போர்முனைக்கு என்று கொடுத்தது பூர்வி ஸ்டார். அது இருந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். பதக்கத்தில் சேவை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும், விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். பாலிஷ் போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து போய்விடும்.

இன்னொன்று. "போரில் எதிரிகளோடு போரிட்டார்" என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். சிக்னல்காரனுடைய வேலை கேட்பது. இரைச்சலுக்குள்ளே மெல்லிசாக ஒரு மோர்ஸ் (புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்புகிற சங்கேதம்) வரும். அதற்குப் பக்கத்திலேயே வேறு நாலு ஸ்டேஷன் அடித்துக்கொண்டிருக்கும். நம்முடையதை மட்டும் பிரித்து எடுத்து, ஒரு எழுத்து விடாமல் எழுத வேண்டும். அனுப்புகிறவன் கையை வைத்தே ஆள் யார் என்று சொல்லிவிடுவோம். ஒவ்வொருத்தன் தட்டும் ஒரு தினுசாக இருக்கும். டாக்காவில் 1971 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்தது வரை, அந்த இரண்டு வாரமும் வில்லியம் கோட்டையில் சிக்னல்காரர்கள் தூங்கியிருக்க மாட்டார்கள். அதை எழுதுங்கள். ஒரு பெருமையும் குறைந்துவிடாது.

ஜாஸ் விஷயத்தில் ஒரு யோசனை. கல்கத்தாவுக்கு முன்பே அவர் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் வில்லிஸ் கானோவர் என்பவர் 1955இலிருந்து ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களுக்கும் புரியும்படி நிறுத்தி நிதானமாகப் பேசுவார். சிற்றலையில் உலகம் முழுக்கக் கேட்டார்கள். அந்த வானொலியை இலங்கையிலிருந்தும் மறுஒலிபரப்பு செய்தார்கள் என்பதால் நம் கரையில் நன்றாகவே இழுக்கும். எங்கள் சீனியர்களில் பலர் டியூட்டி முடிந்து அதைத்தான் கேட்டுக்கொண்டு படுப்பார்கள். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

---

கீழக்கரை ராத்தா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா, நீங்க ஏத்தின அந்த ரெண்டு நிமிஷத்தைக் கேட்டுட்டு உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்க வெச்சேன். உம்மாவுக்கு இப்ப எண்பதுக்கு மேல ஆகுது. பத்து விநாடி கேட்டதுமே "இது நம்ம வீட்டுல பிடிச்சது"ன்னு சொல்லிட்டாங்க.

நாங்கள் உங்கள் அப்பாவை "மெஷின்கார மாமா" என்றுதான் சொல்வோம். எங்கள் வாப்பா அப்போது துபாய் சபரில் இருந்தார்கள். உம்மாவுக்குச் சொந்தக் கையில் நாலு காசு வேண்டும் என்று தோன்றி, தவணையில் மெஷின் எடுத்தார்கள். மாமா மற்ற ஏஜெண்டுகள் மாதிரி பேசவே மாட்டார். முன் கூடத்தில் மெஷினை வைத்து, ஒரு கிழிந்த சட்டையைக் கேட்டு வாங்கி, அதைத் தைத்துக் கொடுத்துவிட்டு, "பாத்துக்கங்க" என்பார். அவ்வளவுதான் அவர் விற்பனை. உம்மா திரைக்கு உள்ளே இருந்து கேள்வி கேட்பார்கள், அவர் வெளியே இருந்து பதில் சொல்வார்.

பாபின் கேஸை (அடிநூல் சுற்றிய பாபின் உட்காரும் கூடு) சரிபார்க்க ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். நூலைப் பிடித்துப் பாபின் கேஸைத் தொங்கவிடணும். அதுவாகக் கீழே இறங்கினால் நூல் தளர்ச்சி. கையை லேசாகச் சுண்டும்போது மட்டும் கொஞ்சம் இறங்கி நின்றால் சரியான பிடி. நான் இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறேன். உம்மாவுக்கு மிதிப்பதில் ஒரே சீர் வராது, நூல் அறுந்துகொண்டே இருக்கும். மாமா வாசல் திண்ணையில் விரலால் தட்டுவார், ஒண்ணு ரெண்டு மூணு நாலு. உம்மா அதைக் கேட்டு மிதிப்பார்கள். அப்படித்தான் பழகினார்கள்.

வாப்பா 85இல் லீவில் வந்தபோது ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ இன் ஒன் கொண்டுவந்தார்கள். என் காக்காவுக்கு (அண்ணனுக்கு) ஒரு கிட்டாரும். காக்காவுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. தவணைப் பணம் வாங்க வந்த மாமா அதைப் பார்த்துவிட்டார். தந்தியை ஒவ்வொன்றாக முறுக்கிச் சரிபண்ணி, உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். வாப்பா உடனே ஒரு கேசட்டைப் போட்டு அழுத்திவிட்டார்கள். அப்போது உம்மா உள்ளே தைத்துக்கொண்டு இருந்தார்கள். நிறுத்தட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், மிதிங்க, மிதிங்க" என்று மாமா சொன்னாராம். நீங்கள் கேட்கிற சிட் சிட் சத்தம் உம்மாவுடைய மெஷின்.

கேசட்டை வாப்பா அவருக்கே கொடுத்துவிட்டார்கள். தவணைக் கார்டு எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் அவர் கையெழுத்து. படம் எடுத்து அனுப்புகிறேன்.

---

தங்கச்சிமடம் மகள்:

ராத்தா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் "அன்னிக்கு ராத்திரி சாப்பிடாமக்கூட அந்தக் கேசட்டையே கேட்டுக்கிட்டு இருந்தாரு" என்று சொன்னார்கள். உங்கள் உம்மாவுக்கு என் சலாம் சொல்லுங்கள்.

சிக்னல் அண்ணே, பூர்வி ஸ்டார் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புக்கும் டிரங்குப் பெட்டியில் கிடைத்துவிட்டது. நீங்கள் சொன்ன அந்த வானொலிக்காரரை அம்மாவுக்குப் பெயர் தெரியவில்லை, ஆனால் "ஒரு வெள்ளைக்காரர் மெதுவாப் பேசுவாரே, அதுதானே" என்று கேட்டார்கள். அப்பா ஆங்கிலம் பேசினால் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தித்தான் பேசுவார். அது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது.

---

ஆறு தந்தி, ராமநாதபுரம் எழுதியது:

அக்கா, நான் கிட்டார் கற்றுக்கொடுக்கிறவன். அந்த இரண்டு நிமிஷத்தை நேற்று ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ராத்தா எழுதியதைப் படித்த பிறகு இன்னொரு தடவை கேட்டேன். உங்கள் அப்பா பொழுதுபோக்குக்கு வாசித்தவர் இல்லை. நல்ல ஜாஸ் கலைஞர். இதை மலரில் நீங்கள் தைரியமாக எழுதலாம்.

என்ன கேட்டேன் என்று சொல்கிறேன். முதல் சுற்றில் மாதா பாட்டை அப்படியே வாசிக்கிறார், யார் கேட்டாலும் கூடவே பாடலாம். இரண்டாவது சுற்றில் மெட்டு மேல் தந்தியில் இருக்கிறது, அதற்குக் கீழே கார்டுகளை மாற்றுகிறார். கோயிலில் மூன்று கார்டில் முடித்துவிடுகிற பாட்டு அது. இவர் நேராக முடிகிற இடத்துக்குப் போகாமல், டி மைனர் 7, ஜி 7 என்று இரண்டு படி வைத்து, அப்புறம் சி மேஜர் 7இல் இறக்குகிறார். இரண்டு, ஐந்து, ஒன்று என்று (கார்டு நிற்கிற சுரம் வரிசையில் எத்தனையாவது என்ற எண்) நாங்கள் சொல்வது இதைத்தான். ஜாஸில் பாதி பாட்டு இந்த நடையில்தான் போகும். நோட்டில் "ஒரு கட்டம் கீழே இறங்கினால் போதும்" என்று எழுதியிருக்கிறாரே, அநேகமாக இந்த மாதிரி இடம்தான். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், உறுதியாகச் சொல்லிவிடலாம்.

மூன்றாவது சுற்றில் மெட்டை விட்டுவிடுகிறார். கார்டு மட்டும் அதே வரிசையில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் அந்த நிமிஷத்தில் தோன்றியதை வாசிக்கிறார். உங்கள் ஊர்க்காரர்களுக்கு விளங்க வேண்டுமானால் கச்சேரியில் நிரவல் பாடுவதைச் சொல்லுங்கள். ஒரு வரியை எடுத்துக்கொண்டு, தாளம் தப்பாமல், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாகப் பாடிக் காட்டுவார்கள் இல்லையா. அங்கே சாகித்தியம் நிற்கும், இங்கே கார்டு வரிசை நிற்கும். இவ்வளவு சொன்னால் போதும்.

தந்தியைக் கட்டைவிரலால் தட்டுகிறார், பிளெக்ட்ரம் (தந்தியை மீட்டுகிற சின்ன வில்லை) இல்லை. அதனால்தான் சத்தம் அவ்வளவு மிருதுவாக இருக்கிறது. வெஸ் மாண்ட்கோமரி என்ற அமெரிக்கக் கலைஞர் இப்படி வாசித்துத்தான் பெயர் வாங்கினார். அவர் இண்டியானாபொலிஸ்காரர், 1923இல் பிறந்து 1968இல் இறந்தவர். பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி கிளப்பில் வாசிப்பு. அவருக்கு முந்தைய ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனுடைய இசைத்தட்டுகளைக் காதால் கேட்டே கற்றுக்கொண்டவர். வீட்டில் இருப்பவர்கள் தூக்கம் கெடக் கூடாது என்று கட்டைவிரலுக்கு மாறினார் என்று சொல்வார்கள். உங்கள் அப்பாவும் எல்லோரும் படுத்த பிறகு முற்றத்தில் வாசித்தவர். பகல் முழுக்க டிவிஎஸ் 50இல் வெயிலில் அலைந்துவிட்டு ராத்திரி வாசிப்பது இந்த இசையில் புதிதில்லை, அதை உருவாக்கியவர்களில் பலர் அப்படி வாழ்ந்தவர்கள்தான்.

தாளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கவுண்ட் பேஸி என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞருடைய குழுவில் ஃபிரெடி கிரீன் என்று ஒரு கிட்டார்காரர் இருந்தார். 1937இலிருந்து சாகும்வரை, 50 வருஷம் அதே குழு. தனி ஆவர்த்தனம் அநேகமாக வாசித்ததே இல்லை. ஒவ்வொரு நாலு எண்ணிக்கைக்கும் நாலு தட்டு, ஒரே சீராக. மொத்தக் குழுவும் அதன்மேல் நின்றது. கீழக்கரை உம்மாவுக்கு உங்கள் அப்பா திண்ணையில் தட்டிக் காட்டியது அந்த நாலு தட்டு.

இப்போது என்னைப் பிரமிக்கவைத்த இடம். ஒரு நிமிஷம் பத்து விநாடியில் மெஷின் சத்தம் நின்றுவிடுகிறது, துணியைத் திருப்பியிருப்பார்கள் போல. உங்கள் அப்பா ஓட்டத்தை நிறுத்தி, ஒரே ஒரு கார்டைப் பிடித்துக் காத்திருக்கிறார். மிதி திரும்பத் தொடங்கியதும், அது முன்னைவிடக் கொஞ்சம் வேகம், அந்த வேகத்திலேயே உள்ளே நுழைகிறார். ஜாஸ் கலைஞனுக்கு முதல் தகுதி பக்கத்தில் வாசிப்பவரைக் கேட்பது. பக்கத்தில் டிரம்ஸ்காரர் இல்லை, தையல் மெஷின் இருந்தது. அவர் அதைக் கேட்டு வாசித்தார். சிக்னல் அண்ணன் சொன்ன அதே காதுதான் என்று நினைக்கிறேன்.

கேசட்டுக்கு வருவோம். தயவுசெய்து பழைய பிளேயரில் இனிமேல் போடாதீர்கள். கேசட்டுக்கு உள்ளே, நாடாவைப் படிக்கிற ஹெட்டோடு அதை அழுத்துகிற சின்னப் பஞ்சுப் பட்டை இருக்கும். பழைய கேசட்டில் அதன் பசை விட்டுப் பட்டை விழுந்துவிடும். அதை முதலில் பார்க்க வேண்டும். நல்ல கேசட் டெக்கில் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கேசட்டை ஒரு முறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிவிட்டு, அப்புறம்தான் பதிவு எடுக்க வேண்டும். ஹெட் பக்கத்தில் ஒரு சின்ன திருகு இருக்கும். பதிவான கோணத்துக்கு ஏற்ப அதைத் திருப்பினால் மங்கலான உயர்சுரங்கள் தெளிந்துவிடும். சுருக்காத டபிள்யூஏவி ஒலிக்கோப்பாக 24 பிட்டில் எடுத்து மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்புக்கு எம்பி3 தனியாகப் போட்டுக்கொள்ளலாம். இரைச்சல் நீக்குகிறேன் என்று யாராவது மென்பொருளில் போட்டு அந்த மெஷின் சத்தத்தை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேகம் சரியா என்றும் பார்க்க வழி இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டூ இன் ஒன் கரண்டில் ஓடியிருந்தால் அந்த ரீங்காரம் நாடாவில் மெலிதாகப் பதிந்திருக்கும். கம்ப்யூட்டரில் அது 52இல் தெரிந்தால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். குறைத்துவிட்டால் அவர் வாசித்த அதே சுருதி கிடைத்துவிடும். என்னிடம் டெக் இருக்கிறது. நீங்களே கூட இருந்து எடுக்கலாம், காசு வேண்டாம்.

ஜாஸ் என்றால் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று உங்கள் சொந்தக்காரர்கள் நினைப்பதற்கும் ஒரு பதில். கல்கத்தாவில் கார்ல்டன் கிட்டோ இருந்தார். பெங்களூரில் பிறந்தவர், 2016இல் இறந்தார். வாழ்நாள் முழுக்க ஜாஸ் கிட்டார்தான், எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்தார். இந்த நாட்டிலும் இந்த இசைக்கு ஒரு பரம்பரை இருக்கிறது. உங்கள் அப்பா அதில் ஒருவர்.

---

பாடகர் குழு பழைய பையன் எழுதியது:

அக்கா, நான் அவரிடம் கோயில் பாடகர் குழுவில் இருந்தவன், இப்போது கத்தாரில் வேலை. கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசையில் நற்கருணை கொடுக்கும்போது பாட்டு முடிந்தும் கூட்டம் வந்துகொண்டே இருக்கும். அப்போது அவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, தனியாக வாசிப்பார். அது பாட்டுப் புத்தகத்தில் இல்லாத ஒன்று என்று எனக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது. பங்குச்சாமி ஒருமுறை கேட்டார், "இது என்ன பாட்டு?" என்று. "இதே பாட்டுத்தான் சாமி, கொஞ்சம் சுத்தி வர்றேன்" என்றார். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

---

தங்கச்சிமடம் மகள்:

எல்லோருக்கும் நன்றி. மலரில் அந்தப் பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன்:

"அப்பா ஜாஸ் கிட்டார் கலைஞர். கல்கத்தாவில் பட்டாளத்தில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொண்டு, ஊருக்கு வந்து ஒவ்வொரு ராத்திரியும் வாசித்தார். தெரிந்த பாட்டை முதலில் அப்படியே வாசிப்பார். அப்புறம் அதைச் சுற்றி வருவார். ஒருமுறை வாசித்த வழியில் மறுமுறை போக மாட்டார். கட்டைவிரலால் வாசித்ததால் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காது. 1985இல் கீழக்கரையில் தையல் மெஷின் வாங்கிய ஒரு வீட்டில், அந்த வீட்டம்மா தைத்துக்கொண்டிருக்க, மிதியின் வேகத்துக்கு அவர் வாசித்த பதிவு எங்களிடம் இருக்கிறது. பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் அதைப் போடுவோம். இருந்து கேட்டுவிட்டுப் போங்கள்."

பெரியப்பா இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. பட்டாளத்துப் படம்தான் அட்டையில் வர வேண்டும் என்கிறார். சரி, அட்டையில் அது இருக்கட்டும். உள்ளே நோட்டுப் பக்கம் ஒன்றும், ராத்தாவின் தவணைக் கார்டு படமும் வரும். பக்கத்தைப் பன்னிரண்டாக்கச் சொல்லி அச்சகத்தில் சொல்லிவிட்டேன்.

ஆறு தந்தித் தம்பி, வர்ற சனிக்கிழமை கேசட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். ராத்தா, உம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு அவர்கள் தைத்துக்கொண்டிருந்தது என்ன?

---

கீழக்கரை ராத்தா:

கேட்டேன் அக்கா. என்னுடைய ஸ்கூல் பாவாடை, நீலக் கலர். பட்டி வைத்து மடித்துத் தைக்க நேரமாகுமாம், அதனால்தான் இடையில் நின்றது என்கிறார்கள். உம்மா பெயரைப் போட வேண்டாம், "கீழக்கரையில் ஒரு வீட்டம்மா" என்று நீங்கள் எழுதியதே போதும். பூசை தேதியைச் சொல்லுங்கள், காக்கா காரில் கூட்டிவருவதாகச் சொல்கிறார். மெஷின் இன்னும் ஓடுகிறது, பெல்ட் மட்டும் மாற்றியிருக்கிறோம்.